சின்னதா முழுசா என்று கேட்டு எழுதிய மகனுக்கு

மகனுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இந்தத் தடவை அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய், அது எனக்குத் தெரியும். இங்கே ரெங்கத்தில் மழை விட்டிருக்கிறது. உன் அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போய்விட்டார். “நீயே எழுது. நான் எழுதினால் இரண்டு வரியில் முடித்துவிடுவேன், அப்புறம் அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதனால் நான் எழுதுகிறேன். என் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் கோணல். இன்றைக்குக் கோபத்தில் இன்னும் கோணிக்கொண்டு போகும். பொறுமையாகப் படி. பாதியில் மடித்து மேசைக்குள் வைத்துவிடாதே.

போன வாரம் பாலோவிலிருந்து பாக்கியத்தின் அப்பா ரயிலேறி நம் வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கு முன்னால் நாங்கள் போய் உனக்காகப் பரிசம் போட்டுவிட்டு வந்தோமே, அந்தப் பெண்ணின் அப்பா. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். மரத்துக்கு மரம் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறவர். அப்படிப்பட்ட மனிதர் நம் வீட்டு நாற்காலியில், துவானை, தோட்டத்துத் துரையைப் பார்க்க வந்தவர்போல நுனியில் உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தேன், ஆறவிட்டார். யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது, கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நானே நல்ல வார்த்தை பேசித் தேற்றத் தொடங்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தங்கச்சி, மாப்ள காயிதம் போட்டிருந்தாரு. மூக்கு விசயமா. சின்னதுன்னு ஒண்ணு இருக்காம், முழுசுன்னு ஒண்ணு இருக்காம். எதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா நாங்க புள்ளயத் தயார் பண்ணிருவோம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து நீ எழுதியதை எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே படித்தேன்.  என்ன நடந்திருக்கிறது என்று தெரிகிறதா உனக்கு? நீ தனியாக, எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் எழுதியதை, அவர் நம் குடும்பம் மொத்தமும் கூடிப் பேசி அனுப்பிய உத்தரவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாய்விட்டுக் கேட்டதை நம் சனங்கள் மறுப்பதில்லை. கட்டில் வேண்டும் என்றால் கட்டில், குத்துவிளக்கு இன்னும் உயரமாக வேண்டும் என்றால் இன்னும் உயரம். அந்த வரிசையில் அவர் தன் மகளின் மூக்கையும் சேர்த்துவிட்டார். கோபப்பட வரவில்லை அவர். எந்த அளவு என்று கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார். அந்த மனிதர் நம் வீட்டில் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

நீ எழுதியதை உனக்கே ஒருமுறை சொல்லிக்காட்டுகிறேன். சீமையிலிருந்து புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறாராம். மூக்கைத் திருத்துவதில் கெட்டிக்காரராம். பாக்கியத்தின் படத்தை அவரிடம் காட்டினாயாம். இரண்டு வழி சொன்னாராம். ஒன்று, மூக்குத் துவாரத்தின் இரண்டு ஓரத்திலும் அடியில் சின்னத் துண்டு நறுக்கி எடுத்துவிட்டு இழுத்துத் தைப்பது. துவாரம் குறுகும், மூக்கு அதே மூக்காக இருக்கும், சீக்கிரம் ஆறிவிடும். இன்னொன்று, உள்ளே திறந்து எலும்பைச் செதுக்கி, தண்டைக் குறுக்கி, நுனியைத் தூக்கி வைப்பது. முகமெல்லாம் வீங்கும், கட்டுப்போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், ஆனால் ஆளே மாறிவிடுவாள். நீ இதையெல்லாம் அழகாக, பத்தி பிரித்து எழுதியிருக்கிறாய். கடைசியில், எதைச் செய்துகொள்வது என்பதைப் பாக்கியத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுவதாகவும், அவளைக் கட்டாயப்படுத்துவது உனக்குப் பிடிக்காது என்றும் முடித்திருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு உச்சந்தலை சூடேறியது. என்ன தாராளம் உனக்கு! வெட்டுவது என்று நீ முடிவு செய்துவிட்டாய். எவ்வளவு என்பதை மட்டும் அவள் சொல்லலாமாம். இதற்குப் பெயர் விருப்பமா? சட்டையைத் திருத்துகிற தையற்காரன்கூட, கையை மட்டும் பிடிக்கவா, முழுதும் பிரித்துத் தைக்கவா என்று சட்டைக்குச் சொந்தக்காரனைத்தான் கேட்பான். நீ யாருடைய சட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் நிற்கிறாய்?

உன் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசரைப் போய் விசாரித்தார். அவர் பாவம், மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பாம்புக்கடியும்தான் தனக்குத் தெரியும், மூக்கை வெட்டி அழகாக்குவதை ஏட்டில்கூடப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். நல்லபடியாக முடியலாம், முடியாமலும் போகலாம் என்றார். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அந்த டாக்டர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். தழும்பு தெரியாமலே தைக்கட்டும். நான் வைத்தியத்தைப் பற்றிப் பேசவில்லை. உன்னைப் பற்றிப் பேசுகிறேன்.

படத்தைக் காட்டினாயே, அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரிசத்தன்று குளுவாங்கிலிருந்து படம் பிடிக்கிறவரைக் கூட்டி வந்தோம். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். நம் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளையின் அம்மா போடுகிற மூக்குத்தியை அப்போதுதான் நான் என் கையால் அவளுக்குத் திருகிவிட்டிருந்தேன். வெள்ளைக்கல் பேசரி. அது படத்தில் விழ வேண்டும், பார்க்கிறவர்கள் நம் வீட்டுச் செய்முறையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் அவள் முகவாயைப் பிடித்து மேலே தூக்கிவிட்டேன். படம் பிடிக்கிறவரும் கீழே இருந்து பிடித்தார். அப்படித் தூக்கிப் பிடித்தால் யாருக்கும் முதலில் தெரிவது துவாரம்தான். வேண்டுமானால் உன் ஆபீசு வெள்ளைக்காரத் துரையம்மாவைத் தலையைத் தூக்கி உட்காரவைத்துக் கீழே இருந்து ஒரு படம் பிடித்துப் பார். அந்தப் படத்தைத்தான் நீ ஆபீசுக்குக் கொண்டு போயிருக்கிறாய். யாரோ பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவில்லை. “நான் பழகுகிற இடங்களுக்கு ஏற்றபடி” என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அவர்கள் சிரித்தபோது நீ என்ன செய்தாய்? கூடச் சேர்ந்து சிரித்தாயா? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். பதில் எழுதும்போது அதை எழுது, மழுப்பாதே.

பரிசத்துக்கு முன்னால் நீயே அவளை நேரில் பார்த்தாய். பாலோ கோயில் திருவிழாவில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, சாப்பிடும்போது என்னிடம், “பிடிச்சிருக்கும்மா” என்று சொன்னாய். அன்றைக்கு அவளுக்கு இதே மூக்குதான். அது அப்போது உன் கண்ணை உறுத்தவில்லை. மூக்கும் முழியுமாக நல்ல பெண் என்று நான் சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டாய். உன் கண்ணால் பார்த்தபோது அழகாக இருந்தவள், இன்னொருவன் கண்ணால் பார்த்ததும் அழகில்லாமல் போய்விட்டாள். இதில் திருத்த வேண்டியது எது என்று நீயே யோசி.

இப்போது உன் அக்காவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மீனாட்சிக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஒரு குடும்பம் வந்தது. பலகாரம் சாப்பிட்டார்கள், பாட்டுப் பாடச் சொன்னார்கள், நடந்து காட்டச் சொன்னார்கள். பிறகு அந்த மாப்பிள்ளையின் அம்மா, பெண் காதில் விழும் என்று தெரிந்தே, மூக்கு கொஞ்சம் அகலம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். மீனாட்சி உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்கள் நாங்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு, போய்ச் சொல்லி அனுப்புங்கள் என்று வழியனுப்பத் தயாரானோம். அப்போது உனக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த வயது. நீ வாசலுக்குப் போய் அவர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையில் வீசினாய். அந்த அம்மாள் வெறுங்காலோடு ரயிலடிக்கு நடந்து போனார். உன் அப்பா உன்னை அடித்தார். அடித்துவிட்டு அன்று சாயந்தரம் அவரே கடைத்தெருவுக்குப் போய் உனக்குப் பிடித்த மிட்டாய் வாங்கி வந்தார். எனக்கு உன்னைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது, வளர்ந்த பிள்ளையாயிற்றே என்று சும்மா இருந்தேன்.

மீனாட்சி இப்போது மெர்சிங்கில் அவள் புருசனோடு கருவாட்டுக் கடை நடத்திக்கொண்டு, நாலு பேருக்கு நடுவில் மரியாதையாக வாழ்கிறாள். அவள் மூக்கு இன்னும் அவள் முகத்தில்தான் இருக்கிறது. பாக்கியத்தின் அப்பா வந்து போன சமயம் அவள் இங்கே வந்திருந்தாள். நீ எழுதியதை அவளிடம் சொன்னேன்.  “தம்பியாம்மா எழுதினான்? நம்ம தம்பியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆமாமைச் சொல்ல வைத்ததற்காக உன்னை நான் சீக்கிரத்தில் மன்னிக்கமாட்டேன்.

உன் காகிதத்தில் ஓர் இடத்தில் என்னையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். “நம் சாதிசனத்தில் பிள்ளை பிறந்தால் குளிப்பாட்டும்போது மூக்கை நீவி எடுத்துவிடுகிறார்களே, என் அம்மாவே எனக்குச் செய்திருக்கிறாரே, டாக்டர் செய்வதும் அதைத்தான், கொஞ்சம் படித்த முறையில் செய்கிறார்” என்று எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரத்தனமான பேச்சு.  உண்மைதான். காலை நீட்டி உன்னைப் போட்டுக்கொண்டு, நல்லெண்ணெய் தொட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உன் மூக்குத் தண்டை மேலிருந்து கீழே நீவி நீவி எடுத்தேன். நீ வீரிட்டு அழுவாய். மீனாட்சிக்கு இன்னும் அழுத்தி நீவினேன், பெண் பிள்ளை ஆயிற்றே என்று. அது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. இரண்டு பேருக்கும் உன் அப்பாவின் மூக்குத்தான் வந்தது, என் விரல் வலித்ததுதான் மிச்சம். இனி இந்த வீட்டில் பிறக்கிற எந்தப் பிள்ளையின் மூக்கிலும் யாரையும் கைவைக்க விடமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் நீவியபோது, மூக்கு நீளாவிட்டால் உன்னை எடுத்து வளர்க்கமாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா? உன் மூக்கு எப்படி வந்தாலும் நீ என் மடியில்தான் கிடந்தாய். பாக்கியத்துக்கு நீ அதைச் சொல்லவில்லையே. செய்துகொண்டால் கல்யாணம் என்று எழுதவில்லை, சரி. ஆனால் செய்துகொண்ட பிறகு கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். படிக்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று தெரியாத பிள்ளையா நீ?

உன் மூக்கை வெட்டிக்கொள்ள நீ ஆசைப்பட்டு, அம்மா, சின்னதா முழுசா என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? முதலில் திட்டியிருப்பேன், அது வேறு. பிறகு உட்கார்ந்து யோசித்திருப்பேன். கண்ணாடியைப் பார்க்கிறபோது உறுத்துவது உனக்கா, வேறு யாருக்கோவா என்று கேட்டிருப்பேன். உனக்குத்தான் என்றால், சின்னதோடு நிறுத்து, நறுக்கியதை எடுத்து ஒட்ட முடியாது, முதலில் கொஞ்சம் செய்து பார், அதற்கு மேல் தேவையா என்பது பிறகு தெரியும் என்று சொல்லியிருப்பேன். முழுசு செய்தால் கண்ணாடியில் வேறு ஆள் நிற்பான், அவனோடு நீ பழகிக்கொள்ள வேண்டும், அதற்குத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். மூச்சு விடுவதில் குறை வராதா என்று அந்த டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லியிருப்பேன். அப்புறம் ரயிலேறி வந்து, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் உனக்கு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவரவர் முகம், அவரவர் ஆசை. அதில் நான் குறுக்கே நிற்கிறவள் இல்லை. அடுத்தவள் முகத்தின் மேல் உனக்கு என்ன ஆசை?

பாக்கியத்தின் அப்பாவிடம், எதுவும் தயார் செய்ய வேண்டாம், நானே வந்து பேசுகிறேன் அண்ணே என்று சொல்லி, மறுநாள் அவரோடேயே பாலோவுக்குப் போனேன். அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அடுப்படிக்குப் போனேன். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து கையைக் கழுவி, எனக்கு மணை எடுத்துப் போட்டாள். முகம் வாடியிருந்தது, ஆனால் அழவில்லை. “என் பிள்ளை எழுதியது எனக்குத் தெரியாது, உனக்கு இதில் என்ன நினைப்பு, சொல்” என்று கேட்டேன். முழுசு செய்துகொள்கிறேன் என்றாள். நான் திடுக்கிட்டுப்போனேன். சின்னதைச் சொல்லாமல் பெரியதை ஏன் சொல்கிறாய், அது வலி அதிகமாமே, முகமே மாறிவிடுமாமே என்றேன். அவள் ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நிதானமாகப் படி.

“சின்னதா செஞ்சா இது நான்தான்னு தெரியுமே அத்த. நாளைக்கு வேற யாராச்சும் சிரிப்பாங்க, அவரு இன்னொண்ணு சொல்வாரு. அப்புறம் பல்லு, அப்புறம் நெறம். முழுசா செஞ்சிட்டா நான் இல்லாமப் போயிருவேன்ல. அப்ப கொற சொல்ல ஆளே இருக்காது.”

உனக்குப் புரிகிறதா? வெட்டு எவ்வளவு பெரியது என்பதை நீ டாக்டரிடம் போய் விசாரித்தாய். அவள் உன்னை அளந்துவிட்டாள். இப்படி ஒருவனுக்குச் சின்னது போதாது என்று அடுப்படியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிட்டாள். அந்தக் கணக்கில் தப்பில்லை என்பதுதான் என்னை எரிக்கிறது. நான் பெற்ற பிள்ளையைப் பற்றி, இன்னும் இந்த வீட்டுக்குள் கால் வைக்காத ஒரு பெண் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், எனக்கு அது தெரியவில்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதோடு முடித்துக்கொள்ளலாம், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். அவள் பயந்துபோனாள். பரிசம் போட்ட பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டால், அந்தப் பெண்ணில் என்ன குறையோ என்றுதான் பாலோவில் பேசுவார்கள். தண்ணீர்க் குழாயடியில் பேசுவார்கள், பால் வெட்டுகிற இடத்தில் பேசுவார்கள். தங்கைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் அவளுக்கு. அதை அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. நீ சிங்கப்பூரில் இருந்துகொண்டு இரண்டு வழி காட்டினாய். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் குழாயடி. இதற்கு நடுவில் நின்றுகொண்டுதான் அவள் முழுசு என்று சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிடவில்லை. எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபம் என்று கேலி செய்கிறவர், அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, பரிசத்தன்று எங்களோடு வந்து நின்ற பெரியவர்கள் எல்லாரையும் போய்ப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு பாலோவுக்குப் போனோம். அந்தப் பக்கத்துச் சாட்சிகளையும் வரவழைக்கச் சொன்னோம். பரிசம் போட்ட அதே கூடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு உன் அப்பா எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் பையன் இந்தப் பெண்ணிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டான், குறை எங்கள் பக்கம், பெண்ணில் ஒரு குறையும் இல்லை, கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இதை நீங்கள் எல்லாரும் நாலு இடத்தில் சொல்ல வேண்டும் என்று சொன்னார். என்ன கேட்டான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.  உன் பெயரைச் சொல்லவில்லை, எங்கள் பையன் என்றுதான் கடைசிவரை சொன்னார்.

எல்லாரும் எங்களைப் பாராட்டினார்கள் என்று நினைத்துவிடாதே. பாக்கியத்தின் அப்பாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. வீட்டுக்குள் முடிய வேண்டியதைக் கூடத்தில் போட்டு உடைத்துவிட்டீர்களே, மாப்பிள்ளை கேட்டதைக் கொடுக்க நாங்கள் தயாராகத்தானே இருந்தோம், உங்களை யார் வரச் சொன்னது என்று கத்தினார். அவள் அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார்.  அவர் கத்துவதற்கு நியாயம் இருந்தது. ஆனால் நீ கேட்டதைக் கொடுக்க அவர் தயாராக இருந்ததைவிட, அவர் கத்தியது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் பாக்கியத்தை வெளியே அழைத்தேன். வந்து கதவோரம் நின்றாள். அவளிடம் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். “இனி உன் மூக்கைப் பற்றி இந்தக் கூடத்தில் பேச்சில்லை. என் மகன் இப்படிப்பட்டவன், நல்லதும் கெட்டதும் இப்போது உனக்குத் தெரியும். அவனைக் கட்டிக்கொள்கிறாயா, வேண்டாம் என்கிறாயா, இரண்டில் ஒன்றை நீ சொல். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை உன் சொல்லாக ஊரில் சொல்ல மாட்டோம், நாங்கள் தப்புச் செய்ததால் விலகினோம் என்று எங்கள் சொல்லாகவே சொல்வோம்” என்றேன்.  அவள் அப்பாகூடக் கத்துவதை நிறுத்திவிட்டார். அவள் முதல்தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பேசினாள்.

“பரிசத்தப்பகூட எங்கிட்ட யாரும் இத கேக்கல அத்த. இப்பத்தான் கேட்டிருக்கீங்க. யோசிச்சுச் சொல்றேன்.”

அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த அவள் அப்பா, சரி, யோசிக்கட்டும் என்றார். நாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

இதற்காக நீ என்மேல் கோபப்படுவாய். ஊர்சனத்துக்கு முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டீர்களே என்பாய். ஆமாம், வைத்தோம். நீ குனிவதற்கு முன்பே உன் அப்பாவும் நானும் குனிந்துவிட்டோம். நீ செய்ததைச் சொல்ல எங்களுக்கு மட்டும் இனிப்பாகவா இருந்தது? இருந்தாலும் நீ என் பிள்ளைதான். உனக்குச் சோறு போடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, எப்போது வந்தாலும் போடுவேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால், முதுகைத் தடவிக்கொடுப்பேன். ஆனால் அவள் செய்தது சரி என்றுதான் அப்போதும் சொல்வேன்.

அதுவரைக்கும் நீ பாலோவுக்கு எழுதாதே. மன்னிப்புக் கேட்டுக்கூட எழுதாதே. உன் எழுத்தைப் பார்த்தால் அவளுக்கு மறுபடியும் தான்தான் ஏதோ முடிவு சொல்லி உன்னைத் தேற்ற வேண்டும் என்று தோன்றும். யாரையும் தூது அனுப்பாதே. அந்த டாக்டரிடம் போய், பெண் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு, படத்தை வாங்கிக்கொண்டு வா. படத்தைப் பத்திரமாக எனக்கு அனுப்பிவிடு, அது உன்னிடம் இருக்க வேண்டாம்.

அவள் எவ்வளவு காலம் யோசிப்பாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. உன்னைக் கட்டிக்கொள்வதா, வேண்டாமா என்று பாலோவில் ஒரு பெண் மாவு ஆட்டிக்கொண்டே யோசித்துக்கொண்டிருக்கிறாள். நீ அங்கே உட்கார்ந்து காத்திரு. உன்னைப் பற்றி இன்னொருவர் முடிவு செய்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதருக்கு எப்படி இருக்கும் என்பது இப்போதாவது உனக்குத் தெரியட்டும்.

உன் அம்மா